யாரையும் நிறுத்தாமல் எடுக்கும் கல்யாணப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணப்படம் எடுக்கிற முறையில் கல்யாணங்களைப் படமாக்குவது என் வேலை. யாரையும் நிற்கச் சொல்வதில்லை, திரும்பச் சொல்வதில்லை, சிரிக்கச் சொல்வதில்லை. நடப்பதை நடக்கிறபடியே எடுக்கிறேன். முதல் தடவை பேச வரும் ஜோடிகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்கிற கேள்விகளை அப்படியே இங்கே வைத்து, பதிலும் எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே வேறொருவரிடம் பேசி வைத்திருப்பவர்களுக்கும், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கும்கூட இதில் சில விஷயங்கள் உதவலாம்.

வழக்கமான கல்யாண வீடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான வீடியோவில் நாள் முழுக்க எல்லாம் கேமராவுக்காக நின்று நின்று நடக்கும். பெண் படியில் இறங்கி வருவாள். "இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவா" என்று ஒரு குரல் வரும். மறுபடி ஏறி மறுபடி இறங்குவாள். இரண்டாவது தடவை இறங்குவது இன்னும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் தடவை இறங்கும்போது அவள் கண் கீழே கூட்டத்தில் ஒருவரைத் தேடியது. அந்தத் தேடல் இரண்டாவதில் இருக்காது. தேடின ஆளைத்தான் பார்த்தாகிவிட்டதே.

எனக்கு வேண்டியது அந்த முதல் தடவை. ஃபோகஸ் ஒரு நொடி தள்ளாடினாலும், குறுக்கே யாராவது போனாலும், அதைத்தான் படத்தில் வைப்பேன். சொல்லிச் செய்ய வைத்தால் எங்கே நிற்க வேண்டும், எப்போது ரெக்கார்டை அமுக்க வேண்டும் என்பதெல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடும். சொல்லாமல் எடுக்கிறவர் அடுத்து என்ன நடக்கும் என்று மோப்பம் பிடித்து, நடப்பதற்கு முன்னால் அங்கே போய் நின்றிருக்க வேண்டும். பாரம் உங்கள் தோளிலிருந்து என் தோளுக்கு மாறுகிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். கல்யாணம் உங்களுடையது. அன்றைக்கு நீங்கள் வேலை பார்க்கக் கூடாது.

அப்படியானால் இதைத்தான் "கேண்டிட்" என்கிறார்களா?

பாதி சரி. கேண்டிட் கேட்பவர்களுக்குப் பல சமயம் கிடைப்பது, போஸ் கொடுக்காத மாதிரி கொடுத்த போஸ். "கேமராவைப் பார்க்காதீங்க, அந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க" என்பதும் ஒரு கட்டளைதான்.

இன்னொன்று, போட்டோவுக்கு ஒரு கணம் போதும். படத்தில் ஒரு செயல் தொடங்கி, நடந்து, முடிய வேண்டும். தங்கை அக்காவின் காதில் ஏதோ சொல்ல அக்கா சிரிக்கிறாள் என்றால் அது நல்ல போட்டோ. சொல்லலாமா வேண்டாமா என்று தங்கை முதலில் தயங்கியதும், சிரித்து முடித்த பிறகும் அக்கா அவள் கையை விடாமல் பிடித்திருந்ததும் சேர்ந்தால்தான் காட்சி. அதனால் ஒரு ஷாட்டைத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிறுத்த மாட்டேன். முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் பத்து நொடியாவது ஓட விடுவேன். நல்லது பலவும் அந்தப் பத்து நொடியில்தான் கிடைத்திருக்கிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

1950-களின் கடைசி வரை, நடக்கிற இடத்திலேயே படத்தையும் பேச்சையும் ஒன்றாகப் பதிவு செய்வது பெரும்பாடு. கேமரா கனமாக இருக்கும், ஓடும்போது சத்தமும் போடும். ஒலிப்பதிவுக் கருவியும் லேசில் தூக்க முடியாதது. அதனால் ஆவணப்படங்களிலேயே ஆட்களை நிறுத்தி, விளக்கு வைத்து, செய்யச் சொல்லி எடுப்பதும், மேலே ஒரு குரலை ஏற்றி விளக்குவதும் சாதாரணம். தோளில் வைத்துக்கொண்டே நடக்கக்கூடிய 16 மி.மீ. ஃபிலிம் கேமராவும், தோளில் மாட்டிக்கொள்ளும் நாக்ரா டேப் ரெக்கார்டரும் வந்த பிறகு நிலைமை மாறியது.

1960-ல் அமெரிக்காவில் ஆவணப்படத் தயாரிப்பாளர் ராபர்ட் ட்ரூ ஒரு குழுவைச் சேர்த்தார். ரிச்சர்ட் லீகாக், டி. ஏ. பென்னிபேக்கர், ஆல்பர்ட் மேசல்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வுக்காக கென்னடியும் ஹம்ஃப்ரியும் ஓட்டுக் கேட்டுப் போனபோது, இருவர் பின்னாலும் இவர்கள் கேமராவோடு போனார்கள். அதே வருடம் பாரிஸில் ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ், சமூகவியலாளர் எட்கர் மோரனுடன் சேர்ந்து வேறு வழியைப் பிடித்தார். கேமராவை மறைக்காமல் மனிதர்களிடம் நேராகக் கேள்வி கேட்டு, அந்தக் கேள்வி அவர்களை என்ன செய்கிறது என்று பார்த்தார். 1967-லிருந்து ஃபிரெடரிக் வைஸ்மன் எடுத்த ஆவணப்படங்களில் பேட்டியும் இல்லை, விளக்கம் சொல்லும் குரலும் இல்லை. கேமராவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு மைக்கை அவரே பிடித்தார்.

கல்யாணத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் வைஸ்மன் வழி. இடையில் நிறுத்திப் பேட்டி எடுப்பதில்லை, "இந்த நாளில் எப்படி உணர்கிறீர்கள்" என்று மைக்கை நீட்டுவதில்லை. அவரைப் போலவே ஒலியை ஒளிக்குச் சமமாக வைக்கிறேன்.

அந்தக் காலத்து 400 அடி 16 மி.மீ. ஃபிலிம் சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம்தான் ஓடும். அப்புறம் சுருள் மாற்ற வேண்டும். அதனால் எதை எடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. இன்றைக்கு மெமரி கார்டில் மணிக்கணக்கில் இடம் இருக்கிறது. அமுக்கிவிட்டு அப்படியே ஓட விட்டால் கண் சோம்பேறியாகிவிடும். என்னிடம் வேலை பழக வருகிறவர்களை முதலில் கேமரா இல்லாமல் ஒரு நிகழ்ச்சி முழுக்க நின்று பார்க்கச் சொல்கிறேன்.

கேமரா இருப்பது தெரிந்தால் எல்லோரும் செயற்கையாகத்தானே நடந்துகொள்வார்கள்?

ஆரம்பத்தில் ஆமாம். கேமரா எப்போதும் மறைந்துவிடுவதில்லை. பழகிப்போகிறது, அவ்வளவுதான். அதற்காகவே சீக்கிரம் வந்துவிடுகிறேன். வந்ததும் பையிலிருந்து கேமராவை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது கையிலேயே இருக்கும். நாற்காலி தூக்கினால் ஒரு கை கொடுப்பேன், பெரியவர்களிடம் யார் என்ன உறவு என்று கேட்டுக்கொள்வேன். சின்னப் பிள்ளைகளுக்கு வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர்களுக்கு அதில் ஆர்வம் போய்விடும். கல்யாண நாளில் எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும். என்னைக் கவனிக்க யாருக்கு நேரம்?

யாராவது கேமராவைப் பார்த்துக் கையசைத்தால் பதிலுக்குச் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டே இருப்பேன். அதுவும் அன்றைக்கு நடந்ததுதான்.

ஒளிந்து நின்று எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. நாளின் பெரும்பகுதியை 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸில், ஆட்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் எடுக்கிறேன். நான் எடுப்பது அவர்களுக்குத் தெரியும், வேண்டாம் என்றால் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். 70-200 மாதிரி நீள லென்ஸ் பையில் இருக்கும். பக்கத்தில் போனால் சடங்குக்கு இடைஞ்சல் என்கிற இடத்தில் மட்டும் அது வெளியே வரும். தூரத்திலிருந்து இழுத்து எடுத்த முகமும், பக்கத்தில் நம்பிக்கையோடு இருந்த முகமும் திரையில் ஒன்றாக இருப்பதில்லை.

எங்களுக்குக் கேமரா என்றாலே கூச்சம். ஒத்துவருமா?

உங்களுக்குத்தான் இது ரொம்பவும் ஒத்துவரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கூச்சப்படுகிறவர்களுக்குப் பிரச்சினை பெரும்பாலும் "இப்போது என்ன செய்வது, கையை எங்கே வைப்பது" என்கிற தவிப்புதான். இங்கே அந்தக் கேள்வியே வராது.

முக்கியமான ஒன்று தவறிப்போனால் மறுபடி செய்யச் சொல்வீர்களா?

மாட்டேன். ஒரே ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இருக்க முடியாது, ஏதாவது தவறத்தான் செய்யும். ஆனால் சடங்கின் மையமான பகுதி அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. அதற்காக ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட விடுகிறேன். பழைய கேமராக்கள் பலவற்றில் பதிவு 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அதனால் அந்த இடத்துக்கு அப்படிப்பட்ட கேமராவை வைப்பதில்லை. இரண்டு கார்டிலும் ஒரே சமயம் பதிவாகிற கேமராவாக இருப்பதும் கட்டாயம்.

இந்த ஒரு கேமரா அங்கே அசையாமல் இருப்பதால்தான், கையில் இருக்கும் கேமராவோடு நான் வேறு பக்கம் திரும்பிப் பார்க்க முடிகிறது.

வேறு பக்கம் என்றால் எங்கே? எதைத் தேடுவீர்கள்?

எல்லாக் கேமராவும் போனும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை முதலில் பார்ப்பேன். பேசுகிறவரைவிடக் கேட்கிறவர் முகத்தில்தான் பேச்சு முழுசாகத் தெரியும்.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அண்ணன் வாழ்த்திப் பேச வேண்டியிருந்தது. விருந்து நடக்கும் கூடத்துக்கு வெளியே, நடைபாதையில், நாலாக மடித்த ஒரு தாளைப் பிரித்து வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்ப எடுத்தார். மடிப்பில் தாள் கிழிய ஆரம்பித்திருந்தது. உள்ளே கூப்பிட்டதும் போய் மைக் முன்னால் நின்றார். தாளை எடுக்கவே இல்லை. தங்கையைப் பார்த்து, சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து தன் அறைக்கு வந்து படுத்துக்கொள்வாள் என்று சொன்னவர், "பயந்தது நான்தான், இவள் இல்லை" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவ்வளவு நேரமும் வலது கை பையில் இருந்த அந்தத் தாளை அழுத்திப் பிடித்தபடியே இருந்தது.

நடைபாதையில் அவரைப் பார்க்காமல் இருந்திருந்தால், கூடத்தில் எனக்கும் அந்தக் கை தெரிந்திருக்காது. நேராக முகத்துக்குப் போயிருப்பேன். ஒருவரை முன்னாலேயே கவனித்து வைத்திருந்தால்தான் பிறகு அவரிடம் எதைப் பார்ப்பது என்று தெரியும். பேசப்போகிறவர், கடைசி நேரத்தில் எதையோ தேடி ஓடுகிறவர், கூட்டத்தை விட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிற பெரியவர் என்று காலையிலேயே சிலரை மனதில் குறித்துக்கொள்வேன். நாள் போகப்போக அவர்களிடம் திரும்பத் திரும்பப் போவேன்.

கதவுப் பக்கம் நிற்பதும் எனக்குப் பிடிக்கும். கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு நொடி மூச்சை இழுத்துக்கொண்டு, முகத்தைச் சரி செய்துகொண்டு உள்ளே வருகிறவர்கள் நிறையப் பேர்.

ஒலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பார்த்துவிடலாம். பேச்சு புரியாவிட்டால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். வருடங்கள் கழித்து நீங்கள் திரும்பத் திரும்பப் போடப்போவதும் குரல்களைத்தான். முகத்துக்கு வீடு நிறையப் போட்டோ இருக்கும். தாத்தா பேசின விதம், தோழி சிரித்த விதம் வேறெங்கே இருக்கப்போகிறது?

செய்முறை இதுதான். சடங்கின்போது மாப்பிள்ளைக்கு ஒரு காலர் மைக், நடத்திவைக்கிறவருக்கு ஒன்று. பெண்ணின் உடையில் துணி உரசும் சத்தம் அதிகம் வரும் என்பதால், பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் மைக்கே அவள் குரலையும் வாங்கிக்கொள்ளும். பேச்சு, பாட்டு நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர் எடுத்துத் தனி ரெக்கார்டரில் பதிகிறேன். கேமரா மேலே இன்னொரு மைக் இருக்கும். எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில். பூஜ்யம் டெசிபலைத் தாண்டினால் ஒலி உடைந்துவிடும் என்பதால், சத்தம் உச்சத்துக்குப் போனாலும் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கிற மாதிரி வைப்பேன், திடீரென்று கைதட்டல் வெடித்தால் தாங்க வேண்டுமே. இப்போது வருகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் இந்தக் கவலை குறைவு. ஆனால் மைக்கே திணறிவிட்டால் எந்த ரெக்கார்டரும் காப்பாற்றாது.

அப்புறம், ஒவ்வொரு இடத்திலும் யாரும் குறிப்பாகப் பேசாத ஒரு அரை நிமிடத்தைத் தனியாகப் பதிந்துகொள்கிறேன். காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. எடிட்டிங்கில் இரண்டு பேச்சை ஒட்டும்போது இடையில் அது இல்லையென்றால் காதில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

காலர் மைக்கில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். சடங்கு நடந்துகொண்டிருக்கிறது, இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டத்துக்குக் கேட்காத குரலில் மாப்பிள்ளை "மூச்சு விடு" என்றார். "நீ முதல்ல விடு" என்று பதில் வந்தது. இரண்டு முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அவர்களிடம் காட்டி, இது இருக்கட்டும் என்று சொன்ன பிறகுதான் படத்தில் சேர்த்தேன்.

மைக் எப்போது போடப்படும், எப்போது எடுக்கப்படும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன். அதில் விழுந்த தனிப்பேச்சை உங்களுக்கு முன்னால் வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய லைட்டெல்லாம் வைப்பீர்களா?

வைப்பதில்லை. முகத்துக்கு நேரே லைட் அடித்தால் எல்லோரும் மேடையில் இருக்கிற நினைப்புக்கு வந்துவிடுவார்கள். இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க எஃப் 1.8 மாதிரி அகலமாகத் திறக்கும் லென்ஸ் போதும். படத்தில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியாக, வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இருட்டு ரொம்ப அதிகம் என்றால், அங்கே ஏற்கெனவே எரிகிற விளக்கோடு ஒத்துப்போகிற சின்ன எல்இடி ஒன்றைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பேன்.

உங்களால் முடிந்த பெரிய உதவி, தயாராகும் அறையை ஜன்னல் உள்ளதாகப் பார்ப்பது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். ஜன்னல் வெளிச்சம் ஏறத்தாழ 5600, மஞ்சள் பல்பு 3000 பக்கம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். ஜன்னலைத் திறந்து பல்பை அணைத்துவிட்டால் போதும். மண்டப விளக்குகள் மினுமினுப்பது என் பொறுப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

போட்டோகிராபர் போஸ் வைத்து எடுப்பாரே, இரண்டும் எப்படிப் பொருந்தும்?

நன்றாகவே பொருந்தும். குடும்பப் படங்களுக்குப் போஸ் வேண்டும், அதை அவர் செய்யட்டும். அந்த நேரத்தில் வரிசையில் இடம் பிடிக்கிறவர்கள், போஸ் முடிந்ததும் தளர்கிற தோள்கள் என்று எனக்கும் வேலை இருக்கும். முன்னாலேயே அவரிடம் பேசி, சடங்கின்போது யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்வேன்.

எத்தனை பேர் வருவீர்கள்?

இரண்டு பேர். கூட்டமும் தூரமும் அதிகமென்றால் மூன்று. அதற்கு மேல் வந்தால் எங்கள் கூட்டமே ஒரு நிகழ்ச்சியாகிவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்களிடமிருந்து என்ன தெரிந்துகொள்வீர்கள்?

நேரம், இடம், யார் எப்போது பேசுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு தாளில் முடிந்துவிடும். எனக்கு அதைவிட வேண்டியது மனிதர்களைப் பற்றி. யார் யாரை வளர்த்தார்கள், யார் வர முடியாமல் போனது உங்களுக்கு வருத்தம், யார் ரொம்ப தூரத்திலிருந்து வருகிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை. இதையெல்லாம் சாவகாசமாக உட்கார்ந்து பேசலாம். கேமரா கொண்டுவர மாட்டேன். பெயரோடு முகம் தெரிய, குடும்பப் போட்டோ ஒன்றைக் காட்டினால் நல்லது.

எடுக்க வேண்டிய ஷாட்டுகளின் பட்டியலை மட்டும் தயவுசெய்து தராதீர்கள். பட்டியல் கையில் இருந்தால் கண் அதைத்தான் தேடும்.

குடும்பத்தில் சில மனத்தாங்கல்கள் இருக்கின்றன. அதெல்லாம் படத்தில் வந்துவிடுமோ?

இந்தப் பயத்தை நிறையப் பேர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். நியாயமான பயம். கவனித்து எடுப்பது என்றால் அகப்பட்டதையெல்லாம் எடுத்துப் போடுவது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சண்டை நடந்தால் கேமராவை இறக்கிவிடுவேன். குடித்துத் தடுமாறுகிறவரை எடுப்பதில்லை. ஒருவர் அழ வேண்டும் என்பதற்காகவே தனியாக ஒதுங்கிப் போனால் பின்னாலேயே போக மாட்டேன். கூட்டத்துக்கு நடுவில் கண் கலங்குவது வேறு, அதற்குச் சாட்சி வேண்டாம் என்று ஒதுங்குவது வேறு. குழந்தைகள் விஷயத்தில் பெற்றவர்கள் சொல்வதுதான் முடிவு. விருந்தினர் யாராவது "என்னை எடுக்க வேண்டாம்" என்றால் காரணம் கேட்க மாட்டேன்.

எடுக்கிற இடத்தில் இருப்பதைவிடப் பெரிய பொறுப்பு எடிட்டிங் மேசையில் இருக்கிறது. காலையில் ஏதோ யோசனையில் முகம் சுளித்த மாமியாரை, மாலையில் மருமகள் பேசுகிற காட்சிக்கு நடுவில் ஒட்டினால் ஒரு நொடியில் பகை உண்டாகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, இரண்டும் நிஜமாக எடுத்ததுதான், ஆனால் சேர்ந்தது பொய். நல்லவிதமாக ஒட்டினாலும் இதே தப்புதான். வேறெதற்கோ கலங்கின கண்ணை உறுதிமொழிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். ஒருவர் எதைக் கேட்டுக் கலங்கினாரோ அதற்குப் பக்கத்தில்தான் அந்த முகம் இருக்கும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பேச்சு வார்த்தை இல்லாத இருவர் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பேசாமல் தண்ணீர் ஜாடியை மற்றவர் பக்கம் நகர்த்தினால், அதை எடுப்பேன். வைக்கலாமா என்று உங்களிடம் கேட்பேன். வேண்டாம் என்றால் நீக்கிவிடுவேன்.

படம் எவ்வளவு நீளம்? எப்படி எடிட் செய்வீர்கள்?

அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம். சடங்கு முழுவதும் வெட்டாமல் தனிக் கோப்பாக வரும், பேச்சுகளும் அப்படியே.

முதலில் எல்லாவற்றையும் ஒரு தடவை, எங்கேயும் வெட்டாமல், வேகமாக ஓட்டாமல் பார்க்கிறேன். நாள் பிடிக்கும். ஆனால் எடுத்தபோது கண்ணில் படாத ஓரங்கள் அப்போதுதான் தெரியும். பார்க்கும்போதே நோட்டில் குறித்துக்கொள்வேன். "நல்ல ஷாட்" என்று எழுதுவதில்லை, யார் யாரிடம் என்ன செய்தார்கள் என்றுதான் எழுதுவேன். அப்புறம் அந்தக் குறிப்புகளை மட்டும் படித்தால், படத்தில் யார் முக்கியமானவர்கள் என்று தெரிந்துவிடும். சில சமயம் அது யாரும் எதிர்பார்க்காத ஒரு சித்தியாக இருக்கும்.

நாள் நடந்த வரிசையை மாற்றுவதில்லை. காலையில் இருந்த பதற்றம் மாலையில் எப்படி இறங்கியது என்பதைப் பார்க்கிறவர் உடம்பில் உணர வேண்டும், அதற்கு வரிசை தேவை. காட்சிக்குக் காட்சி தாண்டும்போது ஒலியை முன்னாலேயே நுழைப்பேன். தயாராகும் அறையில் கண்ணாடி முன்னால் பெண் நிற்கும்போதே கீழே கூட்டத்தின் இரைச்சல் மெல்லக் கேட்கத் தொடங்கும், அப்புறம்தான் படம் கீழே போகும்.

இரண்டு நிமிட ஹைலைட்ஸ் வேண்டும் என்று கேட்பார்கள். செய்து தருகிறேன், உறவினர்களுக்கு அனுப்ப அது வசதி. ஆனால் ஒருவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட அதில் இடம் கிடைக்காது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

பின்னணியில் பாட்டு உண்டா?

அன்றைக்கு அங்கே ஒலித்த பாட்டு இருக்கும். மேலே ஏற்றுவது ரொம்பக் குறைவு. இசை போட்டால் எங்கே நெகிழ வேண்டும் என்று அது முன்னாலேயே சொல்லிவிடும். பார்க்கிறவர் தானாக அங்கே போய்ச் சேரட்டும்.

உரிமைப் பிரச்சினையும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கின பாட்டாக இருந்தாலும், அதைப் படத்தோடு சேர்க்கத் தனி உரிமம் வேண்டும். இல்லாமல் இணையத்தில் ஏற்றினால் அந்தத் தளம் தானாகவே கண்டுபிடித்து ஒலியை நிறுத்திவிடலாம், வீடியோவையே முடக்கிவிடலாம். கூடத்தில் ஒலித்த பாட்டுக்கும் இது பொருந்தும். அதனால் வெளியே பகிர்வதற்கு ஒரு பதிப்பு, வீட்டுக்கு ஒரு பதிப்பு என்று இரண்டாகத் தருகிறேன்.

ஸ்லோமோஷன், ட்ரோன்?

இரண்டும் இல்லை. வேகத்தைக் குறைத்தால் குரல் போய்விடும், மேலே பறந்தால் முகம் போய்விடும்.

வந்தவர்கள் எல்லோரும் படத்தில் இருப்பார்களா?

மாட்டார்கள். பெரியவர்களுக்கு இது மனக்குறையாக இருக்கும் என்று தெரியும். வந்து வாழ்த்தியவர்கள் எல்லோரும் பதிவாக வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பே இல்லை. அது தேவையென்றால் முன்னாலேயே சொல்லுங்கள், வாழ்த்து வரிசைக்கென்று ஒரு கேமராவைத் தனியாக வைத்து முழுவதையும் ஒரு கோப்பாகத் தருகிறேன். அதைப் படத்துக்குள் திணித்தால் இரண்டுமே கெடும்.

எடிட் ஆன பிறகு மாற்றம் சொல்லலாமா?

சொல்லலாம். யாரையாவது புண்படுத்தும், இது எங்களுக்குள் இருக்க வேண்டியது என்று எதைச் சொன்னாலும் நீக்கிவிடுவேன், அதற்கு விளக்கம் வேண்டாம். ஒரு பெயரோ உறவோ தப்பாக வந்திருந்தால் திருத்துவேன். "இதில் நான் குண்டாகத் தெரிகிறேன்" என்பதற்கு மட்டும், ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன். பெரும்பாலும் திரும்ப யாரும் கேட்பதில்லை.

எடுத்த ஃபுட்டேஜ் முழுவதும் கிடைக்குமா? எப்படிப் பாதுகாப்பது?

கேட்டால் தருகிறேன். ஹார்ட் டிஸ்க் நீங்கள் கொண்டுவர வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி ஆகும், இரண்டு மூன்று கேமரா என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒலிக் கோப்புகள் தனி ஃபோல்டரில் இருக்கும். அவை இல்லாமல் கேமரா கோப்புகளை மட்டும் காப்பி எடுத்தால் பாதிப் பேச்சு போய்விடும்.

அன்று இரவே எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுவேன். மூன்றாவது காப்பி வேறு இடத்தில் இருக்கும். நீங்கள் படத்தை வாங்கி, திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லும் வரை கார்டுகளை அழிக்க மாட்டேன். வீட்டிலும் இதே மாதிரி இரண்டு காப்பி வையுங்கள், ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். அலமாரியில் வைத்த டிஸ்க்கை வருடத்துக்கு ஒரு தடவையாவது இணைத்துத் திறந்து பாருங்கள். சில வருடங்கள் ஆனதும் புதிய டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.